டீ விற்றவருக்கு இடமில்லை: கவுஸ் படகு கிளப்பும் கறுப்புப் பந்தும்

இந்த எபிசோட்ல ஒரு கிளப்பைப் பத்திப் பேசப் போறோம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில், வைட் தீவில், கவுஸ்னு ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே இருக்கும் ராயல் யாட் ஸ்குவாட்ரன்தான் அந்த கிளப். பாய்மரப் படகு, விருந்து, நடனம், வாணவேடிக்கை எல்லாம் வரும். ஆனா நான் கேட்க விரும்பும் கேள்வி ஒண்ணுதான்: ஒரு கொண்டாட்டத்துக்கு யாரைக் கூப்பிடுறதுன்னு யார் முடிவு பண்றாங்க?

இந்தக் கேள்வி கவுஸ்ல ஆரம்பிச்சு, இலங்கை மலையகத்துல போய் முடியும். நடுவுல ஒரு மளிகைக்காரர் வருவார். அவர் பெயர் உங்க வீட்டு சமையலறைல, ஒரு மஞ்சள் பாக்கெட் மேல இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் விருந்து, பிறகுதான் பந்தயம்

1815 ஜூன் 1. லண்டனில், செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு விடுதி. 42 கனவான்கள் கூடி ஒரு கிளப் தொடங்கினார்கள். பெயர் சிம்பிளாக 'யாட் கிளப்'. சேர வேண்டுமானால் குறைந்தது 10 டன் படகு சொந்தமாக இருக்கணும். வருஷத்துக்கு இரண்டு முறை கூடி விருந்து சாப்பிடுவது என்பதுதான் ஆரம்பத் திட்டம். ஒன்று லண்டனில், இன்னொன்று கவுஸில்.

கவனிச்சீங்களா? பந்தயம் பத்திப் பேச்சே இல்ல. கவுஸில் கிளப் நடத்திய முதல் பெரிய பந்தயம் 1826 ஆகஸ்ட் 10 அன்றுதான் நடந்தது. பரிசு 100 பவுண்ட் மதிப்புள்ள தங்கக் கோப்பை. அதாவது 11 வருஷம் விருந்து சாப்பிட்ட பிறகுதான் பந்தயம் வந்தது. அந்தப் பந்தயத்தோடு நடனமும் வாணவேடிக்கையும் சேர்ந்துகொண்டன. இன்று 'கவுஸ் வாரம்' என்று அழைக்கப்படும் திருவிழாவின் தொடக்கம் அதுதான்.

இதற்குள் அரச குடும்பமும் உள்ளே வந்தாச்சு. 1817ல் இளவரசர் உறுப்பினர் ஆனார். 1820ல் அவரே நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனதும் கிளப் பெயரில் 'ராயல்' ஒட்டிக்கொண்டது. 1833ல் நான்காம் வில்லியம் மன்னர் அதை 'ராயல் யாட் ஸ்குவாட்ரன்' என்று மாற்றினார். ஸ்குவாட்ரன் என்றால் கடற்படை அணி. சும்மா பேருக்கு இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடியையே தங்கள் படகுகளில் பறக்கவிடும் உரிமை 1829 முதல் இந்த கிளப்பிடம் இருக்கிறது. சொந்தப் படகில் கடற்படைக் கொடி! நம்ம காரில் சைரன் வச்சுக்க அரசாங்கமே அனுமதி கொடுத்த மாதிரி.

1850களின் கடைசியில் எட்டாம் ஹென்றி காலத்துக் கடலோரக் கோட்டை ஒன்றை கிளப் தன் வீடாக்கிக்கொண்டது. அதன் முன்னால் கடலைப் பார்த்த புல்வெளி. கவுஸ் வாரத்தில் மதிய நேரத்து டீ அந்தப் புல்வெளியில்தான். இந்த டீயை மனசுல வச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஏன்?

கவுஸ் வாரம் ஆகஸ்ட் தொடக்கத்தில் வருவதற்குக் கடல் காற்று மட்டும் காரணம் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் மேல்தட்டுக்கு ஒரு காலண்டர் இருந்தது. கோடையில் லண்டன் விருந்துகள். ஜூலை கடைசியில் குட்வுட் குதிரைப் பந்தயம். ஆகஸ்ட் 12ல் ஸ்காட்லாந்து மலைகளில் பறவை வேட்டை தொடங்கும். நடுவே கிடைக்கும் இடைவெளிதான் கவுஸ். ஒரே கூட்டம், ஒரே முகங்கள், இடம் மட்டும் மாறும். கல்யாணப் பேச்சு, அரசியல் பேச்சு, கடன் பேச்சு எல்லாம் இந்தச் சுற்றில்தான் நடக்கும்.

விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகை அதே தீவில். அவர் மகன் எட்வர்ட் 1882 முதல் ஸ்குவாட்ரனின் தலைவர். பேரன் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889ல் கவுஸுக்கு வரத் தொடங்கினார். மாமாவும் மருமகனும் படகு விட்டுப் போட்டி போட்டார்கள்.

அந்தப் பந்தயப் படகுகளில் கயிறு இழுத்தவர்கள் யார்? பெரும்பாலும் எசெக்ஸ் கடலோர கிராமத்து மீனவர்கள். டோல்ஸ்பரி, பிரைட்லிங்சீ மாதிரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். குளிர்காலத்தில் மீனும் சிப்பியும் பிடிப்பார்கள். கோடையில் பிரபுக்களின் படகில் கூலி. கோப்பை உரிமையாளருக்கு. புல்வெளியில் டீயும் அவருக்குத்தான்.

கறுப்புப் பந்து

கிளப்புக்குள் எப்படிச் சேர்வது? உறுப்பினர் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழியணும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. ஒரு பெட்டிக்குள் வெள்ளைப் பந்து போட்டால் சம்மதம். கறுப்புப் பந்து போட்டால் மறுப்பு. சில கறுப்புப் பந்துகள் போதும், வெளியே. யார் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாங்க ஆபீஸ்ல கோட் ரிவ்யூ பண்ணும்போது ஒருத்தர் ரிஜெக்ட் பண்ணினா, குறைஞ்சது ஒரு கமெண்ட்டாவது எழுதணும். இங்க கமெண்ட்டே கிடையாது. காரணம் சொல்லாம இருக்கிறதுதான் அந்த அமைப்போட பலமே. எழுதி வச்ச விதியை எதிர்த்து வாதாடலாம். பந்தோட எப்படி வாதாடுவீங்க?

பெண்களுக்கு அந்தப் பெட்டி வரைக்கும் போகிற வாய்ப்பே இல்லை. முழு உறுப்பினராக அவர்களைச் சேர்க்க இந்த கிளப்புக்குக் கிட்டத்தட்ட 200 வருஷம் ஆச்சு.

மளிகைக்காரர் வருகிறார்

இப்போ நம்ம ஹீரோ. ஹீரோவான்னு கடைசில நீங்க முடிவு பண்ணுங்க. தாமஸ் லிப்டன். 1848ல் கிளாஸ்கோவில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பதின்ம வயதில் அமெரிக்கா போய்க் கூலி வேலை பார்த்துத் திரும்பினார். 1871ல் கிளாஸ்கோவில் முதல் கடை. விளம்பரத்தில் மன்னன். சீக்கிரமே பிரிட்டன் முழுக்கக் கடைகள்.

1890ல் இலங்கைக்குப் போனார். அங்கே 1869 முதல் பரவிய இலை நோய் காப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. நிலம் மலிவு. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் தொடங்கிய தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்ன உட்படத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் நேரே பாக்கெட் போட்டு, மற்ற கடைகளைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு விற்றார். டீ உழைக்கும் மக்களின் அன்றாடப் பானம் ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1897ல் மகாராணியின் வைர விழா. லண்டன் ஏழைகளுக்கு விருந்து போட இளவரசி அலெக்சாண்ட்ரா நிதி திரட்டினார். பணம் போதவில்லை. 25,000 பவுண்டுக்கு ஒரு காசோலை வந்தது. அனுப்பியவர் லிப்டன். அடுத்த வருஷமே 'சர்' பட்டம்.

பட்டம் வந்தாச்சு, பணம் இருக்கு, எட்வர்டின் நட்பும் இருக்கு. அடுத்து படகு. 1851ல் இந்த ஸ்குவாட்ரன் வைட் தீவைச் சுற்றி நடத்திய பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்துக் கோப்பையை நியூயார்க்குக்குக் கொண்டு போயிருந்தது. அதை மீட்டு வரணும் என்று லிப்டன் கிளம்பினார். அந்த 'அமெரிக்காஸ் கோப்பை'க்கு ஒரு விதி: தனி ஆள் சவால் விட முடியாது, ஒரு யாட் கிளப் மூலமாகத்தான் விடலாம். ஸ்குவாட்ரன் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் கிளப் திறந்தது.

காரணம்? அவர் 'வியாபாரி'. நிலத்திலிருந்து வரும் வாடகை கௌரவம், கல்லாப்பெட்டியில் விழும் காசு அசிங்கம். எட்வர்ட், மன்னர் ஆன பிறகும் லிப்டனின் படகுக்கு வந்து போனார். 1901 மே மாதம் இரண்டாவது 'ஷாம்ராக்' படகின் பாய்மரம் முறிந்து விழுந்தபோது மன்னர் அதே படகில்தான் இருந்தார். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மாமா தன் மளிகைக்காரரோடு படகு சவாரி போயிருக்கிறார் என்று ஜெர்மன் பேரரசர் கிண்டல் செய்ததாகவும் ஒரு கதை உண்டு. மன்னர் லிப்டனோடு சாப்பிடலாம். ஆனால் லிப்டன் ஸ்குவாட்ரன் புல்வெளியில் உறுப்பினராக உட்கார முடியாது.

எதிர்த்தரப்பையும் சொல்லிடணும். கோப்பையை டீ விளம்பரமாக்குகிறார் என்று கிளப் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் படகு தோற்கத் தோற்க அமெரிக்காவில் டீ விற்றது. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை சவால், ஐந்து முறையும் தோல்வி. நான்காவது படகு 1914ல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போதே உலகப் போர் வெடித்தது. 1920ல்தான் பந்தயம் நடந்தது. முதல் இரண்டை ஜெயித்தார், அடுத்த மூன்றையும் இழந்தார். 1930 தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் மாதிரி போட்டு அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

அதன் பிறகு, 1931ல், ஸ்குவாட்ரன் அவரைச் சேர்த்துக்கொண்டது. வயது 80 தாண்டியாச்சு. அதே வருஷம் அக்டோபர் 2ல் இறந்துபோனார்.

பந்து கூட இல்லாதவர்கள்

வழக்கமா இந்தக் கதை இங்க முடிஞ்சிடும். 'பாவம் லிப்டன், நல்ல மனுஷன், மேல்தட்டு அவரை ஒதுக்கிருச்சு.' ஆனா நமக்கு இன்னொரு பக்கம் தெரியும்.

அந்த 'ஷாம்ராக்' படகுகளுக்கான காசு எங்கேயிருந்து வந்தது? அதில் ஒரு பகுதி தம்பேதென்ன மாதிரியான மலைச்சரிவுகளிலிருந்து. கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். அந்தக் கடன் ஒரு காகிதத்தில் ஏறும். அதற்கு 'துண்டு' என்று பேர். வேறு தோட்டத்துக்குப் போகணும்னா, அந்தத் தோட்டம் துண்டில் இருக்கும் கடனை அடைக்கணும். இல்லைன்னா நகர முடியாது. இந்த முறை 1921ல்தான் ஒழிக்கப்பட்டது. லிப்டனை உள்ளே விடாமல் நிறுத்தியது ஒரு பந்து. இவர்களை வெளியே விடாமல் நிறுத்தியது ஒரு துண்டுக் காகிதம்.

இவர்களுக்கும் கொண்டாட்டம் இருந்தது. லயங்களுக்கு முன்னால் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்து, மாரியம்மன் தேர். தப்பு அடித்தால் லயமே கூடும். அங்கேயும் சாதி வரிசை இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பிழைக்கப் போன இடத்தை ஊராக மாற்றியது அந்தத் திருவிழாக்கள்தான்.

இப்போ மறுபடி 1931. லிப்டனுக்குக் கதவு திறந்த அதே வருஷம், இலங்கையில் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் தேர்தல் நடந்தது. நிபந்தனைகளோடு என்றாலும், தோட்டத் தமிழர்கள் பலர் முதல்முறை ஓட்டுப் போட்டார்கள். அட்டனிலிருந்து தேர்வான பெரி சுந்தரம் அமைச்சரே ஆனார்.

அது நிலைக்கவில்லை. 1948ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. சீக்கிரமே ஓட்டும் போனது. 1964ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003ல் வந்தது. இந்த முறை கறுப்புப் பந்து போட்டது ஒரு கிளப் இல்லை, ஒரு நாடு.

லிப்டனுக்கு நடந்தது அவமானம், உண்மைதான். ஆனா அவருக்கு வேற கிளப் கிடைச்சது, மன்னரோட நட்பு கிடைச்சது, கடைசில அந்தக் கதவும் திறந்தது. அவர் தோட்டத்துல கூடை சுமந்தவங்களுக்கு வேற நாடு கிடைக்கல. கிடைச்சப்ப, அது அவங்க பிறந்த மண்ணா இல்ல. கப்பல் ஏறி வந்தவங்கள்ல நிறைய பேர் நீலகிரில மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே போனாங்க.

இன்னிக்கு தம்பேதென்னைக்கு மேல 'லிப்டன் சீட்'னு ஒரு வியூபாயின்ட் இருக்கு. அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம்னு சொல்றாங்க. டூர் போறவங்க எல்லாரும் அங்க போட்டோ எடுப்பாங்க. நீங்க போனா எடுங்க, தப்பில்ல. இறங்கி வர்ற வழியில லயங்களைத் தாண்டித்தான் வரணும். அங்க கொஞ்சம் நின்னு, யார்கிட்டயாவது பேசிட்டு வாங்க.

அடுத்த எபிசோட்ல நம்ம சென்னைத் துறைமுகம். 1911ல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கின சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான், அடுத்த வருஷம் துறைமுக ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்த ராமானுஜனுக்கு மேலதிகாரி. அந்தக் கதையோட வர்றேன்.