பழைய லேண்ட்ரோவரும் தோட்டப்புற வரலாறும்

பழம்பொருளைப் போற்றுவது மாந்தர்க்கு இயல்பு. பழைய வீடு நிழல் தரும். பழைய நகை விலை போகும். ஆனால், நான்கு சக்கரங்களும் ஒருங்கே உந்தும் பழைய வண்டி, பேச்சு வழக்கில் ‘ஃபோர் வீல்’ எனப்படுவது, தன்னைப் போற்றுபவருக்குத் தருவது யாது? மழை பெய்தால் உள்ளே ஒழுகும். ஓடும்போது எழும் ஓசையில் அருகிலிருப்பவர் பேச்சும் கேளாது. நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை விழும். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையேயுள்ள கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏனைய வண்டிகள் முந்திச் செல்ல, அது இடப்புறமாக ஊர்ந்து செல்லும். இருந்தும் உரிமையாளர் அதனை விற்க மனங்கொள்வதில்லை. இப்பற்று வெறும் பித்துத்தானா, அன்றி வரலாற்றுக் காரணம் உடையதா என்பது ஆராயத் தக்கது. அவ்வாராய்ச்சிக்கு மலாயாத் தோட்டங்களில் உழைத்த லேண்ட்ரோவரே ஏற்ற சான்று.

வறுமையில் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் ஜீப் வண்டியை இலட்சக்கணக்கில் செய்து குவித்தனர். போர் முடிந்தபின் அவ்வாறு மிஞ்சிய ஜீப் ஒன்றை, பிரிட்டனின் ரோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் ஓட்டிவந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக எதனை வாங்குவது என்னும் கேள்வியே 1947-இல் புதிய வண்டிக்கு வித்தாயிற்று. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டது. உழவு இயந்திரத்தில் உள்ளதுபோல் அதன் திருப்புசக்கரம் நடுவில் இருந்தது. விற்பனைக்குரிய வண்டி 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிப்பட்டது.

அக்காலத்துப் பிரிட்டனில் எஃகுக்குக் கடுந்தட்டுப்பாடு. விமானத் தொழிலுக்குரிய அலுமினியமோ மிஞ்சிக் கிடந்தது. ஆகவே வண்டியின் மேனி அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயிற்று. தகட்டை வளைத்தெடுக்கும் பேரச்சுகளுக்குப் பெரும்பொருள் வேண்டும். அதனைத் தவிர்க்கவே பக்கங்கள் பெரும்பாலும் தட்டையாயின. தொடக்க வண்டிகளின் வெளிர்பச்சை நிறமும் போர் விமானங்களுக்கென வாங்கி மிஞ்சிய வண்ணமே என்பர்.

குறையும் ஒரு கல்வெட்டே

இவற்றை அறிந்தபின் அவ்வண்டியின் விசித்திரங்கள் வேறு பொருள் தருகின்றன. மேனி துருப்பிடிக்காது, ஆனால் எஃகாலாகிய அடிச்சட்டம் துருப்பிடித்து உதிரும். எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். முதல் வகை வண்டிகளில் பெட்ரோல் ஊற்ற வேண்டின் ஓட்டுநர் இறங்கித் தம் இருக்கை மெத்தையைத் தூக்க வேண்டும். கலம் அதன் அடியில் உள்ளது. மின்கலம் ஓய்ந்தால், முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். கியர் கம்பிக்கு அருகே மஞ்சள் குமிழுடைய கம்பி ஒன்றும், சிவப்புக் குமிழுடைய கம்பி ஒன்றும் நிற்கும். மஞ்சளை அழுத்தினால் முன்சக்கரங்களும் உந்தும்; சிவப்பை இழுத்தால் வேகம் குறைந்து இழுவை மிகும். சேற்றிலும் செங்குத்தான மேட்டிலும் கைகொடுப்பது இச்சிவப்புக் கம்பியே.

பழஞ்சுவடியில் வழக்கிறந்த சொல்லொன்றைக் காணும் புலவர் அதனைப் பிழையென்று தள்ளுவதில்லை. அக்காலத்து வழக்கென்று குறித்துக்கொள்கிறார். பழைய வண்டியின் உரிமையாளர் செய்வதும் அஃதே. தட்டைப் பக்கம் எஃகுப் பஞ்சத்தைச் சொல்லும். கைப்பிடி, பட்டறை இல்லாத காட்டைச் சொல்லும். பிறர் குறையென எண்ணுவதை அவர் ஒரு காலத்தின் எழுத்தென அறிகிறார். படிக்கத் தெரிந்தவருக்கே சுவடி இனிக்கும்.

மலாயாவில் லேண்ட்ரோவர்

அவ்வண்டி வெளிப்பட்ட ஏழு வாரங்களில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர். இரு நாளில் அவசரகாலச் சட்டம் கூட்டரசு முழுவதும் பரவியது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. படையினரும் காவலரும் தோட்டத் துரைமாரும் செம்மண் பாதைகளில் லேண்ட்ரோவரை ஓட்டினர். தங்கள் வண்டிகளுக்கு எஃகுக் கவசம் பொருத்திய துரைமாரும் உண்டு. 1951 அக்டோபர் 6-இல், கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய ரோல்ஸ்ராய்ஸ் வண்டிக்கு முன்னே காவலர் ஏறிச் சென்றது ஒரு லேண்ட்ரோவரே.

தோட்டத் தமிழருக்கு அந்நாள் இனிய நாளன்று. பிரிக்ஸ் திட்டம் 1950-இல் தொடங்கியபின், சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. இரவில் ஊரடங்கு, உணவுக்குக் கட்டுப்பாடு. ஆகவே லயத்து வாயிலில் வந்து நின்ற லேண்ட்ரோவர் அதிகாரத்தின் அடையாளமாகவும் இருந்தது. அதே வேளையில் அதன் திருப்புசக்கரத்தைப் பிடித்தவரும், இரவில் மண்ணெண்ணெய் விளக்கின்கீழ் அதனைப் பிரித்துப் பூட்டியவரும் பல தோட்டங்களில் தமிழரே. துரை அவ்வண்டியில் அமர்ந்தார்; டிரைவரும் பட்டறைக்காரரும் அதனை அறிந்தனர். அமர்வது வேறு, அறிவது வேறு.

தோட்டம் மறைந்தது, வண்டி நின்றது

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வண்டிக்குரிய பாதையைத் தேடினால் கிடைப்பது அரிது. எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம் 1950-களில் பெட்டாலிங் ஜெயா நகராயிற்று. சீபீல்டு தோட்டம் 1970-களில் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கிற்று. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார், தன் பெயரில் மட்டுமே பழைய ரப்பர்த் தோட்டத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. பங்கே, கிரிசார் என்னும் இருவர் பெயரின் சேர்க்கையே அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர் பலர். தொழிலாளரே கூடித் தோட்டங்களை வாங்கும் பொருட்டு வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இந்நெருக்கடியின் விளைவே.

லயம் இடிந்தது, பால் நிறுத்த கொட்டகை போயிற்று. பெயர்த்து எடுத்துச் செல்லக் கூடியதாய் இருந்தமையால் வண்டி மட்டும் கைமாறிக் கைமாறி உயிர் பிழைத்தது. தோட்டத்தில் பிறந்து நகரில் குடியேறிய ஒருவர் அவ்வண்டியைப் பேணுகிறார் எனின், அவர் பேணுவது இரும்பை மட்டுமன்று என்பது தெளிவு.

கைக்கு எட்டும் பொறி

நினைவு ஒன்றே காரணம் எனலும் பொருந்தாது. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் சரிவுகளில் மூட்டை சுமக்கின்றன. டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு ஏறும் கரடுமுரடான வழியில், 1950-களின் வண்டிகளே நெடுங்காலம் ஆளேற்றி வந்தன. இவை நிலைத்தமைக்குக் காரணம் எளிது. மரையாணியைக் கழற்றினால் கதவு கையோடு வரும். நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்தலாம். ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். பல வண்டிகளில் பழைய எஞ்சின் போய் ஜப்பானிய டீசல் எஞ்சின் வந்துள்ளது. புதிய வண்டியில் பழுது நேர்ந்தால் கணிப்பொறி வேண்டும். பழையதில் ஸ்பானரும் பொறுமையும் போதும்.

பணம் கொடுத்தால் பொருள் கைக்கு வரும். பழுது நீக்கப் பழகினால்தான் அது தனதாகும். எந்நேரமும் கவனம் கேட்கும் பிள்ளையிடம் தாய்க்கு அன்பு மிகுவதுபோல, இடையறாது கைவேலை கேட்கும் வண்டியிடம் உரிமையாளருக்குப் பற்று மிகுகிறது.

இப்பழைய வடிவின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29-இல் சாலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 68 ஆண்டுகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிறுவனத்தின் ஏட்டில் ஓர் எண் உண்டு. ஆனால் அவ்வண்டிகளை மலாயாவின் செம்மண்ணில் ஓட்டிய தமிழ் டிரைவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களுள் எஞ்சியிருப்போர் முதுமையுற்றனர். பழைய வண்டியைப் போற்றுவோரும், வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும், அப்பெரியோரின் நினைவுகளையும், பட்டறையில் அவர்கள் வழங்கிய தமிழ்ச் சொற்களையும் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு இன்னும் கிடைக்கும். அவர் அறிவுக்கு மாற்றுக் கிடையாது.