ரஜாய் துணிக் கோட்டு

இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே மெல்லிய பஞ்சைப் பரப்பி, மூன்றையும் ஓடுதையலால் பிடித்த துணியில் தைக்கப்படும் தளர்வான மேலங்கி. இத்தகைய துணியில் செய்த ரஜாய் என்னும் போர்வைக்கு ஜெய்ப்பூர் பெயர்பெற்றது. அதன் அருகிலுள்ள சாங்கானேர், பக்ரு ஊர்களின் மரஅச்சுத் துணிகள் இக்கோட்டுகளுக்கு அழகாகப் பொருந்துகின்றன.

வெட்டு எளியது: முதுகுக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு. தோள் சற்று இறங்கி, கை நேராக இருப்பதே சிறந்தது. தடித்த துணியைச் சுருக்கிக் கைக்குழியில் ஏற்றுவது கடினம். டார்ட் பிடித்த இடமும் முண்டிக்கொண்டு நிற்கும். பஞ்சின் கனம் உள்ளளவைக் குறைப்பதால், மார்புச் சுற்றளவுக்கு மேல் 20 செ.மீ. வரை தாராளமாக விடலாம். பருத்தி சுருங்கும் என்பதால் துணியை முதலில் நனைத்து உலர்த்த வேண்டும்.

வெட்டியதும் ஓடுதையல் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் உடனே சுற்றிலும் ஒரு தையல் போட்டுக் காப்பது நல்லது. 16-ஆம் எண் ஊசியும் 3 முதல் 3.5 மி.மீ. தையல் நீளமும் ஏற்றவை. மேல்துணியும் அடித்துணியும் ஒன்றாக நகர, தையல் மிஷினில் வாக்கிங் ஃபுட் பொருத்துவது பெரிதும் உதவும்.

இணைப்புகளில்தான் வேலையின் தரம் தெரியும். மூட்டிய பின், தையலுக்கு விட்ட ஓரத்திலுள்ள பஞ்சைப் பிரித்து நீக்கினால் மடிப்பு தட்டையாக அமரும். உள்ளோரங்களைக் கிராஸ் பீஸ் பட்டியால் சுற்றி மூடினால் தனி லைனிங் தேவையில்லை; அதே பட்டி கழுத்து, முன்திறப்பு, கீழ்விளிம்பு வழியே ஓடும்போது கோட்டு முழுமை பெறுகிறது. பாலியெஸ்டர் பஞ்சானால் சூடான இஸ்திரியை அழுத்தக் கூடாது.