நிலைசார் தலைச்சுற்றலும் தலைநிலை மாற்றச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடிகள் சூழல் முழுவதும் சுழல்வதாகத் தோன்றும் நோய் நிலைசார் தலைச்சுற்றல் ஆகும். மருந்தும் அறுவையும் இன்றி, தலையை முறைப்படி திருப்புவதாலேயே இன்று இந்நோய் பெரும்பாலும் தீர்க்கப்படுகிறது. நோய் தெளிவாக வரையறுக்கப்பட்ட 1952ஆம் ஆண்டிற்கும் எப்லியின் சிகிச்சைமுறை அச்சேறிய 1992ஆம் ஆண்டிற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இவ்விடைவெளிக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயை இனங்காணல்

உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி, தலைநிலை மாற்றத்தால் எழும் விழிநடுக்கத்தை 1921இல் விவரித்தார். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் ஆகிய இருவரும் இதற்கான சோதனையை நெறிப்படுத்தினர். நோயாளியின் தலையை ஒருபுறம் திருப்பி, விரைந்து பின்னே சாய்ப்பது அச்சோதனை. விழிநடுக்கம் சில நொடிகள் தாமதித்துத் தொடங்கும், விரைவில் அடங்கும், சோதனையைத் திரும்பச் செய்தால் குறையும். இம்மூன்றையும் அவர்கள் பதிவுசெய்தனர். எனினும் பழுது யூட்ரிக்கிள் என்னும் உறுப்பில் உள்ளதாகவே கருதினர். உறுப்பே பழுதுற்றதாகக் கொண்டால், அசைவால் அதனைச் சீராக்கலாம் என்னும் எண்ணத்திற்கு இடமில்லை.

ஒட்டிய துகள் என்னும் கருத்து

1969இல் ஹரால்ட் ஷுக்னெக்ட், இறந்த நோயாளிகளின் செவியெலும்புகளை ஆராய்ந்தார். பின் அரைவட்டக் குழலின் குப்புலாவில் படிவுகள் ஒட்டியிருப்பதைக் கண்டு, அவையே நோய்க்குக் காரணம் என்றார். இதனால் நோயின் இருப்பிடம் யூட்ரிக்கிளிலிருந்து அரைவட்டக் குழலுக்கு மாறியது. இக்கருத்திலிருந்து இரு வழிகள் கிளைத்தன. ஒன்று, அக்குழலுக்குரிய நரம்பைத் துண்டிக்கும் அறுவை. இதனைக் கேசக் 1974இல் அறிவித்தார். மற்றொன்று, படிவை அசைத்து உதிர்க்கும் முயற்சி. பிராண்டும் டாராஃபும் 1980இல் வெளியிட்ட பயிற்சியும், செமோனும் அவர்தம் குழுவினரும் 1988இல் வெளியிட்ட விடுவிப்பு முறையும் இவ்வழியின.

மிதக்கும் துகள் என்னும் கருத்து

துகள் குப்புலாவில் ஒட்டியிருப்பின் நடுக்கம் உடனே தொடங்கி, தலை அந்நிலையில் உள்ளவரை நீடிக்க வேண்டும். 1952இல் பதிவான தாமதமும் அடக்கமும் இதற்கு முரணானவை. கால்சியம் கார்பனேட் துகள்கள் குழலின் திரவத்தில் தடையின்றி நகர்வதாகக் கொண்டால் அவை விளங்கும். ஹால், ரூபி, மெக்ளூர் ஆகியோர் 1979இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். துகள் நகரக்கூடியதெனில், அதனைப் புவியீர்ப்பால் வெளியேற்றவும் இயலும்.

அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி இதனைச் செயல்முறையாக்கினார். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையின் நிலையிலேயே தொடங்கி, தலையை மறுபுறம் திருப்பி, உடலைப் புரட்டி, இறுதியில் எழுந்து அமரச் செய்தால், துகள்கள் குழலைக் கடந்து யூட்ரிக்கிளை அடையும். 1980இல் மருத்துவ மாநாட்டில் இதனை அவர் விளக்கியபோது ஐயமே எழுந்தது. அவரது கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. அதே ஆண்டில் பார்ன்ஸும் மெக்ளூரும், அறுவையின்போது குழலுக்குள் மிதக்கும் துகள்களை நேரில் கண்டதை வெளியிட்டனர். 2008இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் நெறிமுறை இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

முடிவுரை

இவ்வரலாறு இரு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. முதலாவதாக, இச்சிகிச்சைக்குப் புதிய கருவியோ மருந்தோ தேவைப்படவில்லை; தேவையான கண்காணிப்புகள் 1952இலேயே கிடைத்திருந்தன. தடையாக நின்றது, அவற்றுக்குப் பொருந்தாத விளக்கமே. இரண்டாவதாக, துகள் ஒட்டியுள்ளது என்னும் கருத்தில் உருவான செமோன் முறை, இன்றும் பயன் தருகிறது; அதன் பயனுக்குரிய விளக்கமே மாறியுள்ளது. ஆகவே, ஒரு சிகிச்சையின் வெற்றி அதன் பின்னுள்ள கோட்பாட்டை மெய்ப்பிப்பதில்லை. கோட்பாட்டின் பிழை அச்சிகிச்சையைப் பொய்ப்பிப்பதும் இல்லை. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடுதல் இன்றியமையாதது.