கப்பல்கள் கைவிட்ட காலி

மாலை ஐந்தரை மணிக்கு மேல் காலிக் கோட்டை மதிலின் மேற்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், பட்டம் விடும் சிறுவர்கள், ஒரே குடைக்குள் முகம் மறைத்துப் பேசிக்கொண்டிருக்கும் காதலர்கள், கொழும்பிலிருந்து கடலோர ரயிலில் வந்த குடும்பங்கள், வெளிநாட்டுப் பயணிகள் என்று எல்லோரும் புல் முளைத்த அந்த மண்மேட்டில் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தெற்கு முனையில் உள்ள கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து இளைஞர்கள் பாறைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய நீர்ப்பரப்பில் தலைகீழாகக் குதித்துக் காட்டிக் காசு வாங்குவார்கள். சூரியன் கடலைத் தொடும்போது ஒரு கணம் பேச்சு குறையும். பிறகு கூட்டம் கலைந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் மதிலைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போகிறவர்கள் குறைவு. கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் விரிகுடா தெரியும். சில மீன்பிடிப் படகுகள், ஒன்றிரண்டு பாய்மர உல்லாசப் படகுகள், எப்போதாவது ஒரு சரக்குக் கப்பல். இலங்கையின் தென்மேற்கு முனையில் உள்ள இந்தக் கோட்டையையும் அதன் தேவாலயங்களையும் பள்ளிவாசலையும் கொண்டு வந்தது இந்தக் கிழக்குப் பக்கத்துத் தண்ணீர்தான். கோட்டை இன்றுவரை இடிபடாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே. கப்பல்கள் இந்தத் துறைமுகத்தைக் கைவிட்டுப் போனதால் பிழைத்த ஊர் காலி.

1344-ல் இங்கே வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா காலியைச் சிறிய ஊர் என்றே குறித்திருக்கிறார். அதற்கு முன் அவர் தங்கியது கிழக்கே சில காத தூரத்தில் உள்ள தேனாவரையில். சிங்களத்தில் தெவிநுவர, தீவின் தென்கோடி முனை. அங்கிருந்த பெரிய கோயிலையும், பூசை செய்த பிராமணர்களையும், ஆடல் மகளிரையும் வியந்து எழுதியவர், காலியில் கப்பல் தலைவர் இப்ராகிம் என்ற முஸ்லிம் தன்னை உபசரித்ததாகவும் சொல்கிறார். அரபு, தமிழ், சீன வணிகர்கள் வந்து போகும் கரையாக இது அப்போதே இருந்தது.

அதற்கு எழுத்தில் உள்ள சாட்சி ஒரு கல். 1911-ல் காலி நகரில் ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாகக் கிடந்ததை டோமலின் என்ற பொறியாளர் கண்டெடுத்தார். ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பலகைக்கல் அது. உச்சியில் இரண்டு சீன நாகங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் கீழே ஒரே முகத்தில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். மிங் பேரரசர் யோங்லேயின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் இது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே எழுத்து வெட்டி, கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

மூன்று பகுதிகளும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்று எண்ணத் தோன்றும். படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரக் கோயிலில் எழுந்தருளியிருந்த திருமாலுக்கு, அதே காணிக்கையைச் செலுத்துகிறது. தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாம் சார்ந்தது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். கடலில் பத்திரமாகப் போய்வர மூன்று சமயத்தாருக்கும் ஒரே அளவில் அள்ளிக் கொடுத்திருக்கிறார் ஒரு பேரரசர். ஒருவர் கணக்கில் கூட, மற்றவர் கணக்கில் குறைய வைக்கவில்லை. தென்னிலங்கைக் கடற்கரையில் பேச வேண்டிய மொழிகளில் ஒன்று தமிழ் என்று நான்ஜிங் நகரத்து அதிகாரிகளுக்கு அன்று தெரிந்திருந்தது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குப் போகும் தமிழர் கொழும்பில் அரை நாள் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அந்தக் கல்லோடு வந்த நல்லெண்ணம் நீடிக்கவில்லை. 1411-ல் செங் ஹே உள்ளூர் ஆட்சியாளரோடு மோதி, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்கே கொண்டு போனார். தேனாவரைக் கோயிலை 1588-ல் போர்த்துக்கீசர் கொள்ளையிட்டு இடித்தார்கள். காலியில் அவர்கள் கோட்டை எழும்பியதும் அதே காலத்தில்தான்.

போர்த்துக்கீசர் நிலத்துப் பக்கம் மட்டும் பலமான மதிலும் மூன்று கொத்தளங்களும் கட்டினார்கள். கடல் பக்கத்தைக் கடலே காக்கும் என்று விட்டார்கள். 1640 மார்ச்சில் வில்லெம் கோஸ்டர் தலைமையில் 12 ஒல்லாந்தக் கப்பல்கள் வந்தன. படையை அருகிலுள்ள உனவட்டுனக் கரையில் இறக்கி, கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் நட்பையும் துணையாகக் கொண்டு, மார்ச் 13-ல் காலியைப் பிடித்தார்கள். வெற்றி பெற்ற கோஸ்டர் சில மாதங்களிலேயே கண்டியிலிருந்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அவர் பிறந்த ஊரான ஆக்கர்ஸ்லோட்டின் பெயரை இன்றும் ஒரு கொத்தளம் தாங்கி நிற்கிறது.

ஒல்லாந்தர் கட்டியதுதான் இன்று நாம் நடக்கும் மதில். பவளப்பாறைக் கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, பல பத்தாண்டுகள் எடுத்து, கடல் பக்கத்தையும் வளைத்துக் கட்டினார்கள். கடல்மதில் முடிந்தபோது 1729. நிலத்துப் பக்கக் கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்கள். மதிலுக்குள் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் போட்டார்கள். தெருக்களுக்கு அடியில் செங்கல் வடிகால்கள் ஓடின. டிரைட்டன் கொத்தளத்தில் இருந்த காற்றாலை கடல்நீரை இறைக்க, அந்த நீர் வடிகால்களைக் கழுவிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் கழிவுநீரைப் பற்றி இவ்வளவு யோசித்த ஊர்கள் அதிகம் இல்லை. பயணிகள் பார்க்கும் காட்சிகளில் இது சேர்வதில்லை. ஆனால் இந்தக் கோட்டையின் மிகச் சிறந்த கட்டுமானம் காலுக்கடியில் இருக்கும் அந்த வடிகால்தான்.

பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடுத்தபடியாக ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசியாவில் முக்கியமான துறைமுகங்களில் ஒன்று காலி. கறுவாப்பட்டை ஏற்றிய கப்பல்கள் இங்கிருந்து நேராக நெதர்லாந்துக்குப் புறப்பட்டன. மதிலை ஒட்டி நிற்கும் நீண்ட பண்டகசாலைக் கட்டடம் அந்தச் சரக்குக்காக எழுந்தது. இன்று அதில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வாசலின் உள்பக்கம் நிமிர்ந்து பார்த்தால் கம்பெனியின் சின்னம் தெரியும்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. அதே வாசலின் வெளிப்பக்கத்தில் பிரிட்டிஷ் அரசச் சின்னம். 1796-ல் கோட்டை கைமாறிய பிறகு பதித்தது.

இவ்வளவு பேர் ஆசைப்பட்ட துறைமுகத்துக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. விரிகுடாவுக்குள் நீருக்கடியில் பாறைகள் பரவிக் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை நேரே உள்ளே வந்து மோதும். 1659-ல் பாக்கு ஏற்றக் காத்திருந்த ‘அவோண்ட்ஸ்டர்’ என்ற ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் நழுவித் தரைதட்டி, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உடைந்தது. ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பழைய கப்பல் அது. 1990-களில் மூழ்காளர்கள் அதன் சிதைவைக் கண்டார்கள். சேறு மூடியிருந்ததால் மரச்சட்டங்களும் கயிறுகளும் அடுப்படியும்கூடத் தப்பியிருந்தன.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு காலிக்கு இன்னொரு வாழ்வு வந்தது. 1840-களிலிருந்து பி. அண்ட் ஓ. நிறுவனத்தின் தபால் கப்பல்கள் இங்கே நிலக்கரி ஏற்ற நின்றன. சூயஸிலிருந்து வருபவர்கள் கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கே கப்பல் மாறினார்கள். ஐரோப்பியச் செய்தி இலங்கையில் முதலில் இறங்கும் இடமும் இதுதான். கொழும்பிலிருந்து வெளிவந்த ‘அப்சர்வர்’ பத்திரிகை 1850-லிருந்து காலியில் புறாக்களை வைத்திருந்தது. கப்பல் வந்ததும் செய்தியை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார்கள். குதிரை வண்டி ஒரு பகல் முழுவதும் ஓடிக் கடக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைத் தாண்டி அது கொழும்பில் இறங்கிவிடும். தந்திக் கம்பி வரும்வரை சில ஆண்டுகள் இந்த ஏற்பாடு நடந்தது.

அந்தப் பரபரப்பின் நடுவே நடந்ததுதான் ‘மலபார்’ விபத்து. 1860 மே மாதம், பி. அண்ட் ஓ. கப்பலான மலபார் காலித் துறைமுகத்தில் நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் பிரிட்டனின் தூதர் எல்ஜின் பிரபுவும் பிரான்சின் தூதர் குரோ பிரபுவும். சீனாவோடு நடந்துகொண்டிருந்த இரண்டாம் அபினிப் போரை முடித்துவைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். பருவக்காற்றின் சூறை திடீரென்று கப்பலைப் பாறையில் தள்ளியது. அடிப்பகுதி பிளந்து நீர் புகுந்தது. மாலுமிகள் கப்பலைக் கரையை நோக்கிச் செலுத்தி ஆழமில்லாத இடத்தில் அமரவைத்துப் பயணிகளைக் காப்பாற்றினார்கள். தூதர்களின் பெட்டிகளும் கப்பலில் இருந்த பெரும் பணமும் தண்ணீருக்குள் போயின. மூழ்காளர்களை இறக்கிப் பணத்தைத் தேடி எடுத்தார்கள். எல்ஜினும் குரோவும் அடுத்த கப்பலில் கிழக்கே போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பீக்கிங்கின் கோடை அரண்மனையை எரிக்க எல்ஜின் உத்தரவிட்டார்.

இத்தகைய விபத்துகளைக் கப்பல் நிறுவனங்கள் மறப்பதில்லை. 1867-ல் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் மலைநாட்டுக் காப்பி முழுவதும் கொழும்பில் வந்து இறங்கியது. அங்கே இல்லாதது நல்ல துறைமுகம் ஒன்றுதான். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். 4,200 அடிக்கு மேல் நீண்ட அந்தச் சுவர் 1885-ல் முடிந்தது. அது முடியும் முன்பே, 1882-ல், பி. அண்ட் ஓ. காலியை விட்டுப் போய்விட்டது. நிலக்கரிக் கிடங்குகள் காலியாயின, தங்கும் விடுதிகள் ஓய்ந்தன, படகோட்டிகள் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனார்கள்.

அன்று அது ஊருக்கு விழுந்த பெரிய அடி. ஆனால் கொழும்புக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அங்கும் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது. வளரும் வணிக நகரத்துக்கு இடைஞ்சல் என்று 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் மதில்களை இடித்துத் தள்ளினார்கள். இன்று கொழும்பில் ‘கோட்டை’ என்ற பெயர் உண்டு. கோட்டைக்கு ஒரு சில துண்டுகளே மிச்சம். காலியில் இடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. நிலமதிலைக் குடைந்து 1873-ல் புது வாசல் திறந்ததும், 1883-ல் மணிக்கூண்டு எழுப்பியதும் போன்றவைதான் பிரிட்டிஷார் செய்த பெரிய மாற்றங்கள்.

அதனால்தான் 1755-ல் முடிந்த ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரையில், கல்லறைக் கற்களின் மீது கால்வைத்து இன்றும் நடக்க முடிகிறது. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வெள்ளைவெளேரென்று நிற்கும் மீரான் ஜும்மாப் பள்ளிவாசல் 1904-ல் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் கிறித்தவத் தேவாலயம் போலவே தோன்றும். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழ் பேசும் இவர்களில் இரத்தினக்கல் வியாபாரிகளும் உண்டு. திண்ணைகளில் தலையணை போன்ற உருளையின் மீது மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிகைப் பின்னல் செய்யும் பெண்களையும் பார்க்கலாம். ‘பீரளு’ என்று சொல்லும் இந்தப் பின்னல் போர்த்துக்கீசர் காலத்தோடு வந்தது என்பார்கள்.

நிலத்துப் பக்க மதிலுக்குக் கீழே கிரிக்கெட் மைதானம். டிக்கெட் எடுக்காதவர்கள் கொத்தளத்தில் நின்றே டெஸ்ட் ஆட்டம் பார்ப்பார்கள். 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசிப் பந்தில் 800-வது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். அதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26-ல், சுனாமி இந்த மைதானத்தையும் பக்கத்துப் பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் அடித்துக்கொண்டு போனது. காலி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய மதில் கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தது. அவோண்ட்ஸ்டரிலிருந்து எடுத்த பொருள்களைப் பதப்படுத்திவந்த கரையோர ஆய்வுக்கூடமோ மதிலுக்கு வெளியே இருந்தது, அது அழிந்தது.

யுனெஸ்கோ 1988-ல் கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு வீட்டு விலைகள் ஏறின. பல பழைய குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேற, வீடுகள் விடுதிகளாயின. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடியிருப்பவர் இல்லாத கோட்டை வெறும் காட்சிப்பொருளாகிவிடும் என்ற கவலை நியாயமானது. துறைமுகத்தை விரிவுபடுத்திப் பெரிய கப்பல்களை மீண்டும் வரவழைக்கும் திட்டமும் அவ்வப்போது எழுகிறது. அதைப் பற்றி உலக மரபுக் குழு கவலை தெரிவித்திருக்கிறது. காலிக்கு வேலைவாய்ப்பு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தூர்வாரும் இயந்திரம் இறங்கவிருக்கும் அதே சேற்றுக்குள்தான் அவோண்ட்ஸ்டரும் அதைப்போலப் பல மரக்கலங்களும் கிடக்கின்றன. அவற்றில் முறையாக அகழ்ந்து பார்த்தவை மிகச் சிலவே. எந்த வேலை தொடங்கினாலும் அதற்கு முன் விரிகுடாவின் தரை முழுவதையும் மூழ்காளர்கள் அளந்து பதிவுசெய்ய வேண்டும். அதற்கான செலவைத் திட்டத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.