ஆலையே கல்லூரி ஆனபோது: தென்கொரியாவின் நகர்ப்புற அருட்பணி

மிஷனரி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் இலக்கியம் பயின்ற நம் மனத்தில் தரங்கம்பாடி அச்சகமும் இடையன்குடி ஆலயமும் போப்பையரின் மொழிபெயர்ப்புகளும் வரிசையாக எழுந்து நிற்கின்றன. மொழியைக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் நிறுவி, நூல் எழுதிய ஊழியரையே நாம் அறிவோம். அவரது களம் பெரும்பாலும் சிற்றூர். இருபதாம் நூற்றாண்டில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரம் புகுந்தபோது இந்தச் சித்திரம் போதாமற் போயிற்று. ஆலைச் சங்கொலிக்கு எழுந்து ஆலைச் சங்கொலிக்கு உறங்கும் மனிதரிடம் ஊழியம் செய்யப்போகும் ஒருவருக்கு என்ன பயிற்சி தருவது? இக்கேள்விக்குத் தென்கொரியத் திருச்சபைகளில் ஒரு சிறு பிரிவினர் கண்ட விடை, அந்நாட்டின் அரசியல் வரலாற்றிலேயே தடம் பதித்தது. அதை இங்கே சுருக்கமாக நினைவுகூர்வோம்.

1953இல் கொரியப் போர் ஓய்ந்தது. 1961இல் இராணுவப் புரட்சி வழியே அதிகாரத்தைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீயின் ஆட்சி, ஏற்றுமதித் தொழில்களை நாட்டின் முதுகெலும்பாக்க முனைந்தது. 1960இல் சுமார் 24 இலட்சமாக இருந்த சியோல் நகர மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 54 இலட்சத்தைத் தாண்டியது. நெசவு, ஆடை, பொய்முடி ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளம்பெண்கள். தம்பியின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் பணம் அனுப்புவதற்காகத் தம் இளமையை ஆலையில் கரைத்தவர்கள்.

1950களின் இறுதியில் திருச்சபை ஆலைக்குள் நுழைந்தது முதலாளிகளின் அனுமதியோடுதான். இடைவேளையில் ஜெபக்கூட்டம், உழைப்பின் மேன்மை பற்றி ஒரு பிரசங்கம், கைக்கு ஒரு துண்டுப்பிரசுரம். களைத்துப்போன பெண்களுக்கு இது ஓய்வுநேரத்தைத் தின்னும் மற்றொரு கடமையாகவே இருந்தது என்பதைச் சில போதகர்கள் விரைவிலேயே உணர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஓகிள் என்னும் அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியர். 1954இல் கொரியா வந்த அவர், 1961இல் துறைமுக நகரமான இஞ்சியோனில் தொழில்துறை அருட்பணியைத் தொடங்கினார். அங்கே உருவான வழக்கம் ஒன்று நம் கவனத்துக்குரியது. ஊழியத்துக்கு வருபவர் முதலில் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சில மாதங்கள் வேலை செய்யவேண்டும். இறையியல் பட்டம் பெற்றவருக்கும் இதில் விலக்கு இல்லை.

1966இல் அவ்வாறு டோங்கில் நெசவாலைக்குள் அனுப்பப்பட்டவர் சோ வா சூன் என்னும் பெண் போதகர். முப்பது வயதைக் கடந்தவர். சபையாரின் மரியாதைக்குப் பழகியவர். ஆலையிலோ தம்மைவிட இளையவர்களின் அதட்டலுக்கு அவர் பணியவேண்டியிருந்தது. பஞ்சுத்தூசியும் வெக்கையும் எந்திர இரைச்சலும் நிறைந்த கூடத்தில் பெண்கள் உட்காரவும் நேரமின்றி ஓடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்த இந்தப் பயிற்சி, தொழிலாளருக்கு அறிவுரை கூறும் தகுதி தமக்கு உண்டு என்ற அவரது எண்ணத்தைக் குலைத்தது. கற்பிக்கச் சென்றவர் மாணவியானார் எனலாம். இறையியல் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் விஷயம்.

இதன் பிறகு ஊழியத்தின் வடிவமே மாறிற்று. இஞ்சியோனிலும், சோ ஜி சோங் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் பணியாற்றிய சியோலின் யோங்டுங்போ பகுதியிலும் சிறுகுழுக்கள் தோன்றின. ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். தொடக்கத்தில் அவர்கள் கேட்டது சமையல், பூ அலங்காரம், சீன எழுத்துக்கள். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர்களுக்குச் சீன எழுத்துக்களை வாசிப்பது ஒரு கௌரவம். நாட்கூலி, மேலதிக வேலை, மாதவிடாய் விடுப்பு என்று பேச்சு வளரும். ஒருநாள் தொழிலாளர் சட்டநூல் மேசைக்கு வரும். தமக்குரியவை எனச் சட்டம் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த உரிமைகளை அவர்கள் முதன்முறையாக வாசித்தார்கள்.

குடிசைப் பகுதிகளிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. 1968இல் சியோலின் யோன்செய் பல்கலைக்கழகத்தில் அமைந்த நகர ஆய்வு நிறுவனத்தில் ஹெர்பர்ட் வைட் என்னும் அமெரிக்கப் போதகர் இளம் ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சிகாகோவின் சால் அலின்ஸ்கி வகுத்த மக்கள் அமைப்பாக்க முறையே அதன் அடிப்படை. பயிற்சி பெறுவோர் குடிசைகளில் குடியேறி, அங்குள்ளோர் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். தீர்வைத் தாமே சொல்லிவிடக் கூடாது. வைட் பின்னர் மணிலாவின் டொண்டோ குடிசைப் பகுதிக்கும் இம்முறையைக் கொண்டுசென்றார்.

1970 நவம்பர் 13 அன்று சியோலின் ஆடைச்சந்தையில் ஜியோன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தீக்குளித்து இறந்தார். மௌனமாக இருந்த மனசாட்சிகளை அது உலுக்கிற்று. 1972இல் டோங்கில் ஆலைப் பெண்கள் தங்களுள் ஒருவரான ஜூ கில் ஜாவைத் தொழிற்சங்கக் கிளைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கொரியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. பொய்வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட எட்டுப் பேருக்காகப் பகிரங்கமாக ஜெபித்த ஓகிள் 1974 டிசம்பரில் நாடுகடத்தப்பட்டார். அந்த எண்மரும் 1975 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டனர். 2007இல் நீதிமன்றம் அவர்களை நிரபராதிகள் என அறிவித்தது. 1978 பிப்ரவரி 21 அன்று சங்கத் தேர்தலில் வாக்களிக்க வந்த டோங்கில் பெண்கள்மீது நிர்வாகத்தின் பக்கம் நின்ற ஆண்கள் மலத்தை வாரி எறிந்தனர். தொடர்ந்து 124 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களின் பெயர்ப்பட்டியல் பிற ஆலைகளுக்கும் அனுப்பப்பட்டதால் வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. சோ வா சூனும் சிறை சென்றார்.

அரசுத் தரப்பின் பரப்புரையில் ஒரு சிலேடை பிறந்தது. நகர்ப்புறத் தொழில் அருட்பணி என்பதன் கொரியச் சுருக்கம் ‘தோசான்’. நிறுவனம் திவாலாவதற்கும் அம்மொழியில் ‘தோசான்’ என்றே பெயர். தோசான் நுழைந்தால் தோசான் ஆகும் என்ற வாசகம் ஆலைகளெங்கும் பரவியது. ஒரு சொல்லின் இருபொருளைக் கொண்டே ஓர் இயக்கத்தின்மீது அச்சத்தைப் பூசிவிடலாம் என்பதற்கு இது நல்ல சான்று. 1979 ஆகஸ்டில் ஒய்.எச். பொய்முடி நிறுவனப் பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்தபோது காவல்துறை உள்ளே பாய்ந்தது. கிம் கியோங் சுக் என்ற இளம்பெண் உயிரிழந்தார். பழி அருட்பணியாளர்மீது சுமத்தப்பட்டது. அதிலிருந்து மூண்ட நெருக்கடிகளின் ஊடே, அக்டோபர் 26 அன்று பார்க் சுங் ஹீ தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தாகவேண்டும். யோங்டுங்போ மாவட்டத்துக்குள்ளேயே அடங்கும் யொய்டோ தீவில் 1973 முதல் ஒரு பெந்தெகொஸ்தே சபை பிரம்மாண்டமாக வளர்ந்தது. சோ யோங்கி நிறுவிய அச்சபையும் சிறுகுழுக்களையே நம்பியிருந்தது. அங்கும் குழுத்தலைவர்களாகப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. கிராமத்தை இழந்து வந்தவர்களுக்கு அது குணமாதலையும் செழிப்பையும் வாக்களித்தது. ஒரே நகரம், ஒரே மக்கள், ஏறக்குறைய ஒரே உத்தி. ஒன்று உலகின் மிகப்பெரிய சபையாயிற்று; மற்றொன்று பெரும்பாலான திருச்சபைகளால் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தீர்ப்பு எளிது. அந்த அளவுகோலை ஏற்பதில் நமக்குத் தயக்கம் உண்டு.

தொழில் அருட்பணியையும் நாம் புனிதப்படுத்திவிடக் கூடாது. தொழிலாளப் பெண்களின் போராட்டத்தைப் போதகர்களின் சாதனையாக எழுதிவிடும் போக்கைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டித்திருக்கிறார்கள். அது நியாயமான கண்டனம். சட்டநூலைப் போதகர் கொண்டுவந்திருக்கலாம்; மலம் எறியப்பட்டபோது வரிசையில் நின்றவர்கள் அப்பெண்களே.

சோ சே ஹுய் 1978இல் நூலாக வெளியிட்ட ‘குள்ளன் ஏவிய சிறு பந்து’ என்ற தொடர்கதைத் தொகுப்பில், வீடு இடிக்கப்பட்ட ஏழைக் குடும்பம் உன்காங் என்ற ஆலைநகருக்குப் பெயர்கிறது. இஞ்சியோனை மாதிரியாகக் கொண்ட நகரம் அது. தொழிலாளர் சபைப் போதகர் ஒருவரும் அதில் வருகிறார். ஆனால் கதையின் நடுவில் நிற்பது குள்ளனின் பிள்ளைகள். வரலாற்றாசிரியர்களுக்குப் பின்னர் புலப்பட்ட விகிதம் புனைகதையாளருக்கு முன்பே புலப்பட்டிருக்கிறது.

நகரத்துக்கான தலைவர்களை உருவாக்க முனைந்த எத்தனையோ திட்டங்களில் இஞ்சியோனின் ஆறு மாதப் பயிற்சியை நாம் தனித்து எடுத்துப் பேசக் காரணம் இதுவே. தலைவராக அனுப்பப்பட்டவரின் தலைமையை அது முதலில் பறித்தது. அவர் ஒதுங்கிக் காதுகொடுத்துக் கேட்ட இடத்தில், பதினெட்டும் இருபதும் வயதான நெசவுப் பெண்கள் எழுந்து பேசினார்கள்.