பிரேக் பிடித்துக்கொள்ளுதல் (பழைய கார்கள்)

மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் முழுதாக விடுபடாமல் சக்கரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கோளாறு. பட்டறைப் பேச்சில் ‘பிரேக் பிடிச்சுக்கிச்சு’ என்றும், சக்கரம் அறவே சுற்றாவிட்டால் ‘வீல் ஜாம்’ என்றும் சொல்வார்கள். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பிரிமியர் பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய மாருதி 800 ஆகியவற்றை வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். ஓடித் தேய்ந்த வண்டியைவிடக் கொட்டகையில் நின்ற வண்டிக்கே இது அதிகம் வருகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் இதற்குத் தோதான சூழல் உண்டு. கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் இரும்பு எதுவும் சீக்கிரம் துருவேறும். வடகிழக்குப் பருவமழையின்போது வண்டிகள் வாரக்கணக்கில் ஈரத்தில் நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. அப்படிப்பட்ட மழையில் அச்சுவரை நீரில் நின்ற வண்டிக்கு எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பக் கூடாது. டிரம்முக்குள் புகுந்த சேற்றுநீர் வடிந்தாலும் சேறு உள்ளேயே தங்கிவிடும். நான்கு டிரம்களையும் கழற்றிக் கழுவாமல் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது ஆபத்து.

கோளாறு முதலில் மெதுவாகத்தான் தலைகாட்டும். நியூட்ரலில் தள்ளினால் வண்டி கனமாக நகரும். மைலேஜ் குறையும், ஒரு பக்கம் இழுக்கும், லைனர் கருகும் வாடை வரும். காலி நெடுஞ்சாலையில் போகும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. பொங்கல், தீபாவளி நாட்களில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்று நின்று நகரும்போது தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சூடு ஏறுகிறது. சூட்டில் பிரேக் ஆயில் விரிகிறது. விரிந்த ஆயில் திரும்பிப் போக வழியில்லையென்றால் ஷூவை இன்னும் அழுத்துகிறது. இறுதியில் ஆயில் கொதித்துக் குமிழியிட்டால், அதுவரை கல்லாக இருந்த மிதி தரைவரை இறங்கிவிடும். பிடித்துக்கொள்ளும் பிரேக்கைப் பற்றிப் பயப்பட வேண்டியது இதற்காகத்தான்: கடைசியில் அது பிடிக்காத பிரேக்காக மாறுகிறது.

எந்தச் சக்கரம் என்பதே முதல் கேள்வி. சில கிலோமீட்டர் ஓட்டியபின், புறங்கையை ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே காட்டினாலே எது கொதிக்கிறது என்று தெரியும், தொட வேண்டாம். பிறகு அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கல் அண்டை கொடுத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடித்திருக்கும் நிலையிலேயே ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பாதி விடை கிடைத்துவிடும். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். ஆயில் கசிந்தும் சக்கரம் விடாவிட்டால் கோளாறு இயந்திரப் பாகங்களில்: துருப்பிடித்த வீல் சிலிண்டர் பிஸ்டன், தளர்ந்த ஸ்பிரிங், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள்.

அழுத்தம் எங்கே சிக்கியது என்பதை அடுத்துப் பிரித்தறியலாம். மீண்டும் மிதித்து, பிடிக்கவைத்து, ரப்பர் ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அப்போது சக்கரம் விட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர் பக்கம், விடாவிட்டால் ஹோஸ். வெளியே பளபளவென்றிருக்கும் ஹோஸ் உள்ளே உப்பி, ஒரு வழி வால்வாக மாறியிருக்கும். மிதியின் விசை ஆயிலைத் தள்ளிவிடும். ஸ்பிரிங்கின் பலவீனமான விசையால் திருப்பியனுப்ப முடியாது. அம்பாசடர், பத்மினி இரண்டிலும் பின் அச்சுக்குப் போவது ஒரே ஹோஸ் என்பதால், அது அடைத்தால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். பலர் ஹேண்ட்பிரேக்கைச் சந்தேகித்துக் கேபிளை மாற்றிவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

நான்கு சக்கரமும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும். அதன் சுவரில் ஊசித்துளை அளவில் ஒரு வழி இருக்கிறது. மிதியை விட்டதும் ரப்பர் பக்கெட் அந்தத் துளையைத் தாண்டிப் பின்வாங்கி, விரிந்த ஆயிலை டப்பாவுக்குப் போகவிட வேண்டும். தள்ளுகம்பி நீளமாக வைக்கப்பட்டிருந்தாலோ, பக்கெட் ஊதியிருந்தாலோ, துளையில் அழுக்கு அடைத்திருந்தாலோ வழி மூடிக்கொள்ளும். டப்பாவின் மூடியைத் திறந்து, ஒருவரை மெல்ல மிதிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தால், மிதித்த முதல் நொடியில் ஆயிலின் மேல் ஒரு சிறு சுழிப்பு எழும். எழாவிட்டால் துளை மூடியிருக்கிறது. மிதிக்குச் சில மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வதற்குக் காரணமும் இந்தத் துளைதான். ‘மிதி டைட்டா இருக்கணும்’ என்று அந்த ஆட்டத்தை எடுத்துவிடும் பழக்கம் கோளாறை விலை கொடுத்து வாங்குவதாகும்.

பழைய அம்பாசடருக்கு முன்புறம் டிஸ்க் பிரேக் மாட்டியவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், சக்கரச் சிலிண்டரின் ரப்பர் ஒட்டியே இருக்கும்பொருட்டு, சுமார் 0.7 பார் அழுத்தத்தைக் குழாயில் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். டிரம்மில் இழுத்துவைக்கும் ஸ்பிரிங் இருப்பதால் அது தீங்கற்றது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் வளையத்தின் முறுக்கம் மட்டுமே. தேங்கிய அழுத்தத்துக்கு அது ஈடுகொடுக்காது. பேட் ஓயாமல் உரசும். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றாத எந்த மாற்றமும் அரைவேலைதான்.

மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் லைனரும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. டிரம்மின் விளிம்பில் மரச்சுத்தியால் தட்டி, முதல் கியரில் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் ‘டப்’ என்று விடும். வேகமாகக் கிளச்சை விட்டால் லைனர் ஷூவிலிருந்து பிய்ந்துவிடும். நெடுநாள் நிறுத்துவதானால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பதே போதும்.

ஆயில் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். கிளைகால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இவை 230, 155. அந்த ஈரமே சிலிண்டரை உள்ளிருந்து துருவாக்குகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுக் கலந்தாலும் ரப்பர் ஊதும். சிலிண்டரைப் பிரித்து மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவுவது நம் பட்டறைகளில் சகஜம். புதிய கிட் போட்டும் சில வாரத்தில் பிரேக் மறுபடி பிடிப்பதற்கு அது பெருங்காரணம். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். சிலிண்டர் சுவரில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பயனற்றது. சிலிண்டரையே மாற்ற வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் இருக்கும் என்பதால் டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வழியில் பிடித்துக்கொண்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினால் அருகிலுள்ள பட்டறைவரை ஊர்ந்து போகலாம். அடுத்த மிதிப்பில் மறுபடி பிடிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பதிவு செய்து 15 ஆண்டு முடிந்த சொந்தக் கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். திண்டிவனத்தின் டிஎன் 16, விழுப்புரத்தின் டிஎன் 32 எண்களில் ஓடும் பழைய வண்டிகள் அப்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். அங்கே பார்க்கப்படுவது பெரும்பாலும் பிரேக் பிடிக்கிறதா என்பதுதான். விடுகிறதா என்பதை உரிமையாளர்தான் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.