கெண்டைக்கால் பிடிப்பும் உப்புக் கோட்பாடும்: தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலையிலிருந்து ஒரு மறுபார்வை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முத்தையாபுரம் தாண்டியதும் இருபுறமும் உப்பளம் விரியும். முள்ளக்காடு வரை பாத்திகளும் ஓலை மூடிய உப்பு அம்பாரங்களும் கூடவே வரும். அதன்பின் பழையகாயல், முக்காணியில் தாமிரபரணிப் பாலம். இந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவருக்கு ஆத்தூரை நெருங்கும்போது கெண்டைக்கால் இறுகிக் கல்லானால், பார்த்தவர் எல்லாரும் சொல்வது ஒன்றே: "உடம்புல உப்பு குறைஞ்சுட்டு." உப்பு விளையும் மண்ணில் இந்த விளக்கம் இயல்பாக வாயில் வருகிறது. மருத்துவ நூல்களும் நூறாண்டுக்கு மேலாக இதையே சொல்லி வந்தன. நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் வரும் பிடிப்புக்கு இவ்விளக்கம் முதன்மையானதல்ல என்பதும், தடுப்பு முறையைத் தண்ணீர்ப் புட்டியில் தேடுவதற்கு முன் மிதிகட்டையில் தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அகராதிகள் குரக்குவலி என்கின்றன. பேச்சில் 'கெண்டை ஏறிட்டு', 'நரம்பு சுண்டி இழுக்கு', 'சதை பிடிச்சுக்கிட்டு' என்கிறோம். குரங்குதல் என்றால் வளைதல் என்ற பழம்பொருளோடு குரக்குவலியை இணைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எப்படியானாலும், இச்சொற்கள் எல்லாம் உடலின் ஓரிடத்தில் நிகழும் இழுப்பையும் வளைவையும் குறிக்கின்றன. உடல் முழுவதும் ஏதோ வற்றிப்போனதாக இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. நோயை அனுபவித்தவர்களின் சொல், நோய்க்குப் பின்னால் வந்த விளக்கத்தைவிடத் துல்லியமாக இருப்பது புதிதல்ல.

உப்புக் கோட்பாடு எங்கிருந்து வந்தது? நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறையிலிருந்தும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டிய காலம் அது. அக்காலக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்ட தொழிலாளருக்கு வரும் தசையிழுப்புக்கு ஆங்கில மருத்துவ இதழ்களில் தனிப்பெயரே இருந்தது. 1923இல் மோஸ் என்பவர், வெப்பம் மிகுந்த ஆழ்சுரங்கங்களில் வேலை செய்வோர் வியர்வையில் உப்பை இழந்துவிட்டு, வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதால் பிடிப்பு வருகிறது என்று விளக்கினார். 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக் கட்டுமானத்திலும் எஃகு ஆலைகளிலும் டால்பாட் முதலியோர் இதையே கண்டனர். உப்பு நீர் கொடுத்ததும் தொழிலாளர் தேறினர்.

இந்த ஆய்வுகள் பிழையென்று நான் சொல்லவில்லை. அவை கண்ட நோய் வேறு. நாள் முழுதும் அனலில் நின்று, லிட்டர் கணக்கில் வியர்த்து, அதற்கு ஈடாக வெறும் தண்ணீரே குடித்த மனிதரின் நோய் அது. அந்தப் பிடிப்பு ஓரிடத்தில் நிற்காது. கையில் தொடங்கித் தொடைக்குப் போகும், வயிற்றுத் தசையையும் பற்றும். சைக்கிள்காரருக்கு வருவதோ, அவர் அதிகம் உழைக்க வைத்த அந்த ஒரு தசையில் மட்டும் வருகிறது. இரத்தம் உடல் முழுவதும் ஓடுகிறது. அதில் உப்பு குறைந்ததுதான் காரணம் என்றால், வலது கெண்டைக்கால் மட்டும் இழுத்துக்கொண்டு தோளும் கழுத்தும் சும்மா இருப்பது ஏன்? கால்விரலைப் பற்றி முழங்காலை நோக்கி இழுத்தால் ஒரு நிமிடத்தில் இறுக்கம் விட்டுப்போகிறதே, அந்த ஒரு நிமிடத்தில் எந்த உப்பு எங்கிருந்து வந்தது?

1997இல் தென்னாப்பிரிக்காவின் ஷ்வெல்னஸ், டெர்மன், நோக்ஸ் ஆகியோர் இக்கேள்விக்குப் புதிய விடை முன்வைத்தனர். தசை எவ்வளவு நீள்கிறது என்பதைத் தசைக்கதிர்கள் தண்டுவடத்துக்குச் சொல்லி, 'சுருங்கு' என்று தூண்டுகின்றன. தசைநாணில் உள்ள கோல்கி உறுப்புகள் இழுவிசையை உணர்ந்து 'போதும்' என்று அடக்குகின்றன. தசை களைத்துப்போனால் தூண்டல் மிகுகிறது, அடக்கல் தளர்கிறது. தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் நின்று வேலை செய்யும்போது நாணில் இழுவிசை குறைவு. ஆகவே அடக்கும் குரல் மேலும் மங்குகிறது. இயக்க நரம்பணு கட்டுப்பாடின்றித் துடிக்க, தசை இறுகிவிடுகிறது. நீட்டியதும் நாண் இழுபட்டு அடக்கும் குரல் திரும்புகிறது. விரலை இழுத்ததும் விட்டுப்போவதன் காரணம் இது.

கோட்பாடு மட்டுமல்ல, களச்சான்றும் உண்டு. 2011இல் ஷ்வெல்னஸ் குழு, 180 கிலோமீட்டர் சைக்கிளோட்டத்தை உள்ளடக்கிய அயர்ன்மேன் போட்டியில் 210 பேரைப் போட்டிக்கு முன்பும் பின்பும் அளந்தது. 43 பேருக்குப் பிடிப்பு வந்தது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நீரிழப்பிலோ இரத்த சோடியத்திலோ பிடிப்பை விளக்கத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபட்டவை இரண்டு: அவர்கள் வேகமாகப் போயிருந்தார்கள்; முன்பே பிடிப்பு கண்டவர்களாக இருந்தார்கள்.

இந்தக் கடற்கரையே இன்னொரு சான்று தருகிறது. தண்ணீருக்குள் இருப்பவருக்கு வெயிலில் நிற்பவரைப்போல் வியர்த்துக் கொட்டுவதில்லை. ஆனாலும் நீந்துகிறவரைக் கெண்டைக்கால் பிடிப்பு விடுவதில்லை. கால்நுனியை நீட்டி உதைக்கும் நீச்சலில் கெண்டைத்தசை குறுகிய நிலையிலேயே ஓயாமல் வேலை செய்கிறது. மன்னார் வளைகுடாவின் பழைய முத்துச் சலாபங்களில் (தூத்துக்குடியில் கடைசி வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது) குளியாளி கல்லில் கால் வைத்து இறங்கினார், படகில் இருந்தவர் பிடித்த கயிற்றின் துணையோடு ஏறினார். இறங்குவதற்குக் கல்லும் ஏறுவதற்குக் கயிறும் இருந்ததால் காலுக்கு மிச்சமிருந்த வேலை குறைவு. பிற்காலத்தில் சங்கு குளிப்போர் சிலர் அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டி நீந்தினர். தகடு நீளும்போது கணுக்காலில் விழும் நெம்புவிசை கூடுகிறது. அந்த விசையைத் தாங்குவது கெண்டைத்தசைதான்.

நெம்புவிசை என்ற இந்தச் சொல்லோடு சைக்கிளுக்குத் திரும்புகிறேன். விடியுமுன் அளத்து வேலைக்குப் போகிறவர்களின் பழைய கனத்த சைக்கிள்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன். மிதிகட்டையின் ரப்பர், பாதத்தின் நடுப்பள்ளம் படும் இடத்தில் தேய்ந்திருக்கிறது. செருப்பின் அடியிலும் அதே இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அவர்கள் நடுப்பாதத்தால் மிதிக்கிறார்கள். விளையாட்டுச் சைக்கிள் வாங்கும் இளைஞருக்கோ விரலடியால் மிதிக்கக் கற்றுத்தருகிறார்கள். விரலடியில் விசை விழும்போது கணுக்காலிலிருந்து அதன் தூரம் அதிகம். ஒவ்வொரு மிதிக்கும் கணுக்கால் மடங்காமல் பிடித்துக்கொள்ளக் கெண்டைத்தசை கூடுதலாக உழைக்கவேண்டும். நடுப்பாதத்தில் அந்தத் தூரம் பாதியாகவும் குறையலாம். வேகம் சற்று குறையும், கெண்டைக்கால் தப்பும். நெடுந்தூரம் போகிறவர், காலணியை மிதிகட்டையோடு இணைக்கும் பூட்டைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவைப்பது, அளத்துத் தொழிலாளரின் வழக்கத்தை நோக்கி ஓரடி எடுத்துவைப்பதுதான். ஆனால் அவர்களுடைய தாழ்ந்த இருக்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பாரத்தை முழங்காலிலும் முன்தொடையிலும் ஏற்றுகிறது. இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்தாலும் கேடு: மிதி கீழே போகும்போது விரலை நீட்டி எட்டவேண்டியிருக்கும். கெண்டைத்தசை குறுகியே நின்று உழைக்கும். குதிகாலை மிதிகட்டையில் வைத்து அதைக் கீழ்முனைக்குக் கொண்டுபோனால் கால் ஏறக்குறைய நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. இந்த எளிய சோதனை போதும்.

சமதளச் சாலை எளிது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. மலைச்சாலையில் இறக்கம் உண்டு, மிதிக்காமல் உருளலாம், எழுந்து நின்று காலை நீட்டலாம். திருச்செந்தூர்ச் சாலையில் இறக்கமே கிடையாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 2 மணி நேரம், நிமிடத்துக்கு 70 சுற்று என்றால், ஒவ்வொரு காலும் 8,400 முறை ஒரே கோணத்தில் ஒரே அசைவைச் செய்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எதிரே வீசத் தொடங்கிவிட்டால், அதே வேகத்தைப் பிடிக்க நினைப்பவர் கனத்த பல்சக்கரத்தில் அழுத்துகிறார். ஒருமுறை முக்காணிப் பாலத்தில் எனக்கு நேர்ந்தது இதுதான். காலையில் மோரும் உப்பும் குறைவின்றிக் குடித்திருந்தேன். காற்றோடு போட்டியிட்டு ஒருமணி நேரம் மிதித்தபின் இடது கெண்டை இழுத்துக்கொண்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றேன். முடிச்சு மெல்ல அவிழ்வது கண்ணுக்கே தெரிந்தது.

அப்படியானால் உப்பும் நீரும் பொருட்டே இல்லையா? இவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. 2019இல் லாவ், காட்டோ, நொசாக்கா வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இங்கே முக்கியமானது. 10 பேரைச் சூட்டில் ஓடவைத்து, உடல் எடையில் 2 விழுக்காடு நீரை இழக்கச் செய்தபின், ஒருமுறை வெறும் தண்ணீரும் மறுமுறை உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்தார்கள். நீரிழப்பு மட்டும் தசையைப் பிடிப்புக்கு ஆளாக்கவில்லை. வெறும் தண்ணீர் குடித்தபின் சிறு மின்தூண்டலுக்கே தசை இறுகியது. கரைசல் குடித்தபின் தசை எளிதில் இறுகவில்லை. நரம்பு எந்த வாசலில் துடிக்கத் தொடங்கும் என்பதை உப்பின் செறிவு ஏற்றவும் இறக்கவும் செய்கிறது, அந்த வாசல் வரை தசையைத் தள்ளிக்கொண்டு போவது களைப்பு என்று இதை நான் வாசிக்கிறேன். கொதிகலன் தொழிலாளரையும் அயர்ன்மேன் வீரரையும் ஒரே படத்தில் பொருத்த இந்த வாசிப்பு உதவுகிறது.

ஊறுகாய்ச் சாற்றின் கதையும் நரம்பின் பக்கமே நிற்கிறது. 2010இல் கெவின் மில்லர் குழு மின்தூண்டலால் பிடிப்பை உண்டாக்கி, வினிகரில் ஊறிய வெள்ளரிச் சாற்றைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தது. பிடிப்பு சுமார் 85 நொடியில் விட்டது. தண்ணீர் குடித்தபோது சுமார் 134 நொடி ஆயிற்று. அந்நேரத்துக்குள் சாறு இரத்தத்தில் கலந்து வேலை செய்திருக்க முடியாது. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியே அடக்கும் குரலைத் தூண்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நம் எண்ணெய் ஊறுகாய்க்கு இச்சான்று பொருந்தாது. வாழைப்பழமும் உடனடி மருந்தல்ல. ஏரல், ஸ்ரீவைகுண்டம் வயல்களில் விளையும் பழம் நல்ல உணவு. அதன் பொட்டாசியம் இரத்தத்தில் தெரிய அரைமணிக்கு மேலாகும். மெக்னீசிய மாத்திரைக்கு உடற்பயிற்சிப் பிடிப்பில் நம்பத்தக்க சோதனைச் சான்று ஏதும் இல்லை என்று 2020இன் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லிவிட்டது.

நெடும்பயணம் போக விரும்புகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இதிலிருந்து வருகிறது. முதலில் வேகம்: பயிற்சியில் பழகாத வேகத்தைப் பயணத்தன்று எடுக்கக்கூடாது, எதிர்காற்றில் இலகுவான பல்சக்கரத்துக்கு மாறவேண்டும். அரைமணிக்கொரு முறை மிதிப்பதை நிறுத்தி, உருளும்போதே குதிகாலைத் தாழ்த்தி நீட்டவேண்டும். வெயிலுக்கு உடலைப் பழக்க இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடல் வியர்வையில் உப்பைச் சிக்கனமாக விடுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே சித்திரை வெயிலுக்கு வருபவருக்கு அந்தச் சிக்கனம் இராது. நீர் அதன்பின். 2 மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். அதற்கு மேல், சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறவர் உப்பிட்ட மோரோ, நீராகாரமோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ எடுக்கலாம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து: 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்த சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக்கூடாது. பிடிப்போடு சிறுநீர் கருத்துப் போனால் சைக்கிளை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பவரில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காக மிதிப்பவர்கள் அல்லர் என்பதை ஆய்வுலகம் மறந்துவிடுகிறது. தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் வித்யா வேணுகோபால் குழு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தது தெரியவந்தது. 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை வசதி போதாததையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. ஒதுங்க இடமில்லாத பெண், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். அவளிடம் போய் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டுவது, மேலே சொன்ன வரிசையில் கடைசிப் படியை முதலில் வைப்பதாகும். நாள் முழுதும் குனிந்து உப்பு வாரி, தலைச்சுமையாக அம்பாரத்தில் கொட்டியபின், களைத்த அதே கால்களோடுதான் அவள் வீட்டுக்கு மிதிக்கிறாள். அவளுக்கு முதலில் வேண்டியது பாத்தியோரத்தில் ஒரு நிழல் கூரை, கதவு சாத்தும் கழிப்பறை, இடைவேளையில் காலை நீட்டி உட்கார அரைமணி நேரம்.